நாலாம் ஜன்னலுக்கு நீண்ட கைகள்

இதை எழுதுகிறவனுக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டதே ஒரு கோபத்தில்தான். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, முதல் வேலைக்கான உத்தரவையும் வாங்கிக்கொண்டு, நன்னடத்தைச் சான்றிதழுக்காக அரசு அடையாளச் சான்று அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்குப் போனால், ரேகை எடுக்கும் மெஷின் அன்று பழுது என்று பத்து விரலையும் மையில் வைக்கச் சொன்னார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் ரேகை வைத்தே காலம் தள்ளியவர்கள். பிள்ளையாவது கையெழுத்துப் போடட்டும் என்றுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். படித்து முடித்தவனுக்கும் கடைசியில் மைதானா என்று விறைத்து நின்ற கையை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கையை எங்கிட்ட கொடுத்துட்டு நீங்க அந்தக் கடிகாரத்தைப் பாருங்க. கோபத்துல இருந்தா ரேகை இழுபடும்."

"எனக்கு ஒண்ணும் கோபம் இல்லையே."

"நீங்க சொல்லல. சுண்டுவிரல் சொல்லுச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. பத்து விரலும் பதிந்து முடிந்தபோது, ஜன்னலுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் படம் கண்ணில் பட்டது. நீல நிறத்தில் ஒரு கை, விரல்கள் ஒவ்வொன்றும் தீக்கொழுந்து மாதிரி நெளிந்துகொண்டிருந்தன. யார் வரைந்தது என்று கேட்டதற்கு, மையைத் துடைக்க மண்ணெண்ணெய்த் துணியை நீட்டிக்கொண்டே, "நான்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, பெருசா இருக்கு" என்றார். அப்படித் தொடங்கிய போக்குவரத்தில், அவரும் அவர் மனைவியும் ஆளுக்குப் பாதியாகச் சொன்ன கதை இது. இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் மனைவி சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் நல்லது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் கிடையாது. மைக்காரர், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாக ஒரே வேலை. நீளும் கையைப் பிடிப்பது, பித்தளைப் பலகையில் உருளையால் மையை மெல்லிசாக இழுப்பது, விரலை அதில் தொட்டு அட்டையில் உருட்டுவது, துடைத்து அனுப்புவது. கட்டைவிரலை உடம்புப் பக்கமாக உருட்ட வேண்டும், மற்ற நாலையும் வெளிப்பக்கமாக. மாற்றிச் செய்தால் கோடுகள் கசங்கிவிடும். அழுத்தினால் அப்பிவிடும், அழுத்தாவிட்டால் பிடிக்காது. அவர் உருட்டிய அட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை என்பார்கள்.

பிறகு கண்ணாடி வைத்த மெஷின்கள் வந்தன. ஒன்று முதல் மூன்று வரையிலான ஜன்னல்களில் சின்ன வயசுப் பிள்ளைகள் உட்கார்ந்து, 'வைங்க, எடுங்க, அடுத்து' என்று நிமிஷத்துக்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். தன் பாடு முடிந்தது, இனிமேல் காகிதக் கட்டுகளுக்குக் காவல் வைத்துவிடுவார்கள் என்று மைக்காரர் நினைத்திருந்தார். ஒரு வாரத்தில் மெஷின் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. கொத்து வேலை செய்கிறவர் விரலை அது பார்க்கவே மாட்டேன் என்றது. பாத்திரம் தேய்க்கிறவர்கள், சாக்கு தூக்குகிறவர்கள், செங்கல் அடுக்குகிறவர்கள் என்று யார் கையில் வேலை அதிகமோ அவர்கள் கையையெல்லாம் வெற்றுத்தாள் என்றது. அப்படிப்பட்டவர்களின் சீட்டில் சிவப்பில் 'மை' என்று எழுதி நாலாம் ஜன்னலுக்குத் தள்ளினார்கள்.

"படிச்ச கையெல்லாம் மெஷினுக்கு, பாடுபட்ட கையெல்லாம் எனக்கு" என்று வீட்டில் வந்து சொன்னார்.

மனைவி தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "நல்லதாப் போச்சு. ஊரார் கையை எல்லாம் பிடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்னு உங்க ஜாதகத்துல எழுதியிருக்கு. என் கையை எப்பப் பிடிச்சீங்களோ, எனக்கே மறந்து போச்சு."

"உன் கையில ஊசி இருக்கே."

"அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

பிடித்துப் பிடித்து அவருக்குக் கைகளின் பேச்சு பழகிப்போனது. பயந்தவர் கை கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருக்கும். அவசரக்காரர் விரலைத் தானே உருட்டப் பார்ப்பார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் மணிக்கட்டு வளையவே வளையாது. முகம் எப்படி வேண்டுமானாலும் நடிக்கும், கைக்கு நடிக்கத் தெரியாது என்று அடித்துச் சொல்வார். தன் கணிப்பு தப்பாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நாற்பத்தெட்டாவது வயதில், நகர நூலகத்தின் மாடியில் நடந்த மாலை ஓவிய வகுப்பில் போய் உட்கார்ந்தார். மகளும் மருமகனும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருஷம் அது. வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஓவிய டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். மேஜைமேல் ஒரு ஜாடியை வைத்து வரையச் சொன்னாள். அவர் ஜாடியையும் அதைப் பிடித்திருக்கும் ஒரு கையையும் வரைந்தார். மறுவாரம் பழங்கள். பழங்களை விட்டுவிட்டுக் கையை மட்டும் வரைந்தார். மூன்றாம் வாரம் டீச்சர் எதையும் மேஜைமேல் வைக்கவில்லை.

"அப்பா, நீங்க கையை ஃபோட்டோ மாதிரி வரையப் பார்க்கறீங்க. அந்தக் கைக்கு உள்ள என்ன இருந்துச்சோ, அதைப் போடுங்க. பயம்னா பச்சையா இருக்கட்டும். அவசரம்னா ஆறு விரல் கூட இருக்கட்டும், யாரும் எண்ணப் போறதில்லை." தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து, கோணிய முகங்களும் எரிகிற வானங்களுமாகச் சில படங்களைக் காட்டினாள். "இதுக்கு எக்ஸ்பிரஷனிசம்னு பேரு."

"வாயில நுழையலயேம்மா."

"கையில நுழைஞ்சா போதும்."

நுழைந்துவிட்டது. மகளின் அறை முழுக்கக் கைகள் நிரம்பின. ஊதாக் கை, கருகிய கை, விரல்கள் வேர் மாதிரி கீழே இறங்கும் கை. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர்கள் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். மனைவி, "அவருக்குத்தான். வாரத்துல ஒரு நாள் வரும்" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டாள். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் அந்த அறைக்குள் போன மனிதரை அவள் ஒரு வேலைக்கும் கூப்பிட்டதில்லை.

பெரிய ஓவியத்தை அவர் ஆரம்பித்தது ஐம்பத்தாறாவது வயதில். வீட்டில் கழற்றி வைத்திருந்த பழைய கதவு ஒன்றைப் படுக்க வைத்து, அதன்மேல் வரைந்தார். ஒரு ஜன்னலின் கீழ்விளிம்பு, அதைத் தாண்டி உள்ளே நீளும் பதினோரு ஜோடிக் கைகள். ஆள் யாரும் கிடையாது. ஒரு ஜோடி கெஞ்சியது, ஒன்று ஒளிந்தது, ஒன்று எதையோ தட்டிவிட்டது. நடுவில், மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, ஒரு பெண்ணின் கைகள். உள்ளங்கை மஞ்சளும் பச்சையுமாக ஊறி வெளுத்திருக்கும். மணிக்கட்டில் வேகவைத்த சிவப்பு. விரல்கள் எல்லாம் நெளிந்து வளைந்திருக்க, வலது கட்டைவிரல் மட்டும் நேராக, பார்ப்பவரை நோக்கித் தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஜோடிக்கு அவர் மனதில் வைத்திருந்த பெயர் வெட்கம்.

அது அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாவின் கை. வேலையை நிரந்தரம் செய்ய அடையாளச் சான்று வேண்டும் என்று வந்தவர். மெஷின் தள்ளிவிட்டது. மைக்காரரும் இரண்டு தடவை தோற்றார். இருபது வருஷமாக வெளுப்புத் தண்ணீரில் ஊறிய விரல், கோடெல்லாம் கரைந்து கிடந்தது.

"பத்து நாள் வெளுப்புல கை வைக்காம, எண்ணெய் தடவிட்டு வாங்கம்மா. ரேகை மேல வந்துரும்" என்றார்.

"பத்து நாளா? ஆஸ்பத்திரித் துணியை யாரு துவைப்பா, உங்க மாமியாரா?"

"அவங்க வந்தா நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். அந்த மூன்றாவது தடவைதான் பதிந்தது. வலது கட்டைவிரலில் ஒரு சுழி, அதைக் குறுக்காக வெட்டிப்போகும் பழைய தழும்பு ஒன்று. பதிந்தது சரிதானா என்று மைக்காரரும், பின்னறையில் ரேகைகளை வகை பிரிக்கும் அவர் சிநேகிதரும் பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். அந்தச் சிநேகிதரை லென்ஸ்காரர் என்பார்கள். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், லென்ஸ் இல்லாமல் வரமாட்டார். அந்த மூன்று தடவையும் அந்த அம்மாவின் கை மைக்காரரின் பிடிக்குள் நடுங்கியது. தலை குனிந்தே இருந்தது. பாவம், தேய்ந்த கையைக் காட்ட வெட்கப்படுகிறார் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

நூலகத்தில் ஒரு வாரக் கண்காட்சி வைத்தார்கள். மாலை வகுப்பில் வரைந்தவர்களின் படங்கள். கதவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுச்சுவரில் சாய்த்தார்கள். தன் கையால் செய்த ஒன்று வீட்டு வாசல் தாண்டிப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. திங்கள்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, படத்துக்கு எதிரே ஒரு தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டைவிரலிடம் வந்து நின்றார்கள். ஒருவர் தன் கட்டைவிரலை எடுத்துப் பக்கத்தில் வைத்தே பார்த்தார். டீச்சர் காதோரம் வந்து, "எல்லாமே கோணலா இருக்கற இடத்துல அது ஒண்ணுதான் நிஜம் மாதிரி இருக்குப்பா. படமே அந்த விரல்லதான் நிக்குது" என்றாள். அன்று அவர் வீட்டுக்கு நடந்தே வந்தார். பஸ்ஸில் ஏற மறந்துபோயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மைக்காரரோடு லென்ஸ்காரரும் வந்தார். நண்பன் படத்துக்குப் பாராட்டுச் சொல்லத்தான் வந்தார். பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. லென்ஸை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"யோவ்."

"என்னய்யா, நல்லா இருக்கா?"

"இது யாரு ரேகை?"

"ரேகையா? சும்மா சுத்திச் சுத்திக் கோடு போட்டேன்."

"சும்மா போட்ட கோடா இது? நடுச்சுழி, இடது பக்கம் ரெண்டாப் பிரியற கோடு, குறுக்க தழும்பு. இந்தத் தழும்பை நீயும் நானும் முக்கால் மணி நேரம் பார்த்தோம்யா. சலவைக்கார அம்மாவோட வலது கட்டைவிரல். அட்டையில இருக்கறது அப்படியே இருக்கு. நான் வகை எண்ணே சொல்லுவேன், வேணுமா?"

மைக்காரர் குனிந்து லென்ஸ் வழியாகத் தானும் பார்த்தார். அவர் நினைத்துச் செய்யவில்லை. விரலை நெளித்து, நிறத்தை மாற்றி, எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு வளைத்தவருக்கு, ரேகை போடும் இடம் வந்ததும் கை தன் பாட்டுக்கு முப்பத்தொரு வருஷப் பழக்கத்தைச் செய்துவிட்டது. தப்பாக ஒரு ரேகை போட அந்தக் கைக்குத் தெரியவில்லை.

பதிந்த ரேகை எந்த உருவத்திலும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. உரியவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய. வேலையில் சேர்ந்த அன்றே இருவரும் கையெழுத்துப் போட்ட விதி அது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பரிசு கொடுக்க நம்ம பெரிய ஆபீசர் வர்றார்" என்றார் லென்ஸ்காரர். "நான் பார்க்காம இருந்திருந்தா தேவலை. பார்த்துட்டேன். பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்ல எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியும். சனிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணு. ஒரு இழுப்பு இழுத்து அழிச்சுட்டா முடிஞ்சு போச்சு."

அவ்வளவு சுலபம்தான். அதுதான் அவரால் முடியவில்லை. படமே அந்த விரலில் நிற்கிறது என்று ஒருத்தி சொல்லி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பழைய கதவும் கொஞ்சம் பெயிண்டும்தான் என்று தோன்றியது. வீட்டில் சொன்னபோது மனைவி தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வேலை போயிருமா?"

"போகாது. ஆனா அசிங்கமாப் போகும். விசாரணை, நோட்டீஸ்னு."

"அந்தம்மா எழுதிக் கொடுத்தா?"

"கொடுத்தா ஒரு பிரச்னையும் இல்லை. அவங்க சந்தோஷமாக் கொடுப்பாங்க. தன் கை இவ்வளவு பெருசா ஒரு கூடத்துல இருக்குன்னா யாருக்குத்தான் பெருமையா இருக்காது?"

"அதை நீங்களா சொல்லிக்காதீங்க. போய்க் கேளுங்க. கேட்காம எடுத்துட்டு வந்தது நீங்கதானே." தையலை மடித்து வைத்துவிட்டு, "நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா கையைப் பத்தியே பேசிட்டு விஷயத்தை விட்டுருவீங்க" என்றாள்.

எங்கே தேடுவது என்று அட்டையைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை அலுவலகம் விட்டதும் இருவரும் ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்குப் போனார்கள். சலவைக்கூடத்தில் ஆவி மேகம் மாதிரி நின்றது. பெரிய உருளை மெஷின்கள் மூன்று உறுமிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் ஈரத்துணி மலை, இன்னொரு பக்கம் மடித்த வெள்ளைப் போர்வைகள் ஆள் உயரத்துக்கு. வெளுப்பு வாடை கண்ணைக் கரித்தது. அந்த அம்மா முழங்கை வரை நனைந்த கையோடு வெளியே வந்தார்.

"என்ன சார், பதிஞ்ச ரேகை மறுபடியும் ஓடிப்போச்சா?"

"இல்லம்மா… நான் ஒரு படம் வரைஞ்சேன்…" என்று ஆரம்பித்துப் பயம், பச்சை, கதவு என்று எங்கெங்கோ போனார். மனைவி குறுக்கிட்டாள்.

"அக்கா, இவர் படத்துல உங்க கையை வரைஞ்சிட்டார். ரேகையோட. உங்களைக் கேட்காம. அது நூலகத்துல இருக்கு. நீங்க சரின்னு சொன்னா இருக்கும், இல்லைன்னா எடுத்துரணும். அதைக் கேட்கத்தான் வந்தோம்."

அந்த அம்மா இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பார்க்காம எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. வர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை, கூடத்தில் ஆள் அதிகமில்லாத நேரத்தில் வந்தார். நல்ல உடுப்பு உடுத்தி, தலையைப் படிய வாரியிருந்தார். கதவுக்கு முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பதினோரு ஜோடியையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவில் வந்ததும் நின்றுவிட்டார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. வெளுப்புல ஊறின கை இப்படித்தான் இருக்கும். என்கூட வேலை பார்க்கறவங்க பார்த்தா உடனே சொல்லிருவாங்க."

மைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஜோல்னாப் பையைத் திறந்து, முந்தின நாளே எழுதி வைத்திருந்த சம்மதக் கடிதத்தை எடுத்தார். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கூடவே மைப்பெட்டியையும் எடுத்தார். கடிதத்தை ஒரு நாற்காலிமேல் விரித்தார். இத்தனை வருஷமாக எப்படிச் செய்வாரோ அப்படியே, அந்த அம்மாவின் வலது கையை நோக்கித் தன் கையை நீட்டினார்.

அந்த அம்மா ஓரடி பின்னால் போனார்.

"எதுக்கு?"

"சம்மதத்துக்கும்மா. இங்க ஒரு ரேகை வச்சா…"

"படத்துல இருக்கற ரேகைக்கு இன்னொரு ரேகையா?"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மைக்காரர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"சார், இந்தக் கைக்கு என்னன்னு நினைச்சு வரைஞ்சீங்க?" குரல் உயரவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வெட்கம்னு… அன்னைக்கு நீங்க தலையே நிமிரல. கை நடுங்குச்சு."

"வெட்கமா!" அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "நான் எதுக்கு சார் வெட்கப்படணும், திருடின கையா இது? அன்னைக்கு எனக்கு இருந்தது கோபம். உங்க மேல இல்லை. உங்க மைப் பலகை மேல. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் அவரோட தம்பி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, 'அண்ணி, இங்க வைங்க'ன்னான். வச்சேன். இன்னொண்ணு கொண்டுவந்தான், வச்சேன். நான் கல்யாணமாகி வந்த வீட்டை எங்க கொழுந்தனுக்கே எழுதிக் கொடுத்துட்டேன்னு, சாமானை வெளிய வைக்கும்போதுதான் தெரிஞ்சுது. யாரும் என்னைக் கட்டிப் போடல, அடிக்கல. கையைப் பிடிச்சுப் பக்குவமா உருட்டினாங்க, நீங்க உருட்டற மாதிரியே. அதுக்கப்புறம் யாரு இந்த விரலைப் பிடிச்சாலும் உடம்பெல்லாம் நடுங்கும். வேலைக்குத் தேவைன்னுதான் உங்ககிட்ட மூணு தடவை பல்லைக் கடிச்சிட்டு நின்னேன்."

லென்ஸ்காரர் எப்போது வந்தாரோ, தூணோரம் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"கையை வச்சுக்கோங்க சார். பத்துப் பேர் பார்க்கட்டும். எனக்கும் பெருமைதான்" என்றார் அந்த அம்மா. "அந்தக் கட்டைவிரல் மட்டும் வேண்டாம். அதை இனிமே எங்கேயும் நான் வைக்கறதா இல்லை."

மைக்காரர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டார். அந்த நேரத்தில் தனக்கு முதலில் வந்தது வருத்தம்தான், வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது என்று அவரே ஒளிக்காமல் சொல்கிறார். எட்டு மாசச் சனிக்கிழமைகள் ஒரு விரலோடு போகிறதே என்ற வருத்தம். பிறகுதான், இந்த முப்பத்தொரு வருஷத்தில் தான் படித்த கைகள் எல்லாமே தன் பிடிக்குள் இருந்த கைகள் என்பது உறைத்தது. பிடி விட்ட பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன என்று அவர் பார்த்ததே இல்லை. துடைக்கத் துணியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

"அழிச்சிட்டா அந்த இடத்துல என்ன போடறது?" என்று கேட்டது மனைவிதான். "அக்கா, கோபத்துல உங்க கை எப்படி இருக்கும்?"

அந்த அம்மா யோசித்தார். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நாலு விரலையும் அதன்மேல் ஒவ்வொன்றாக மூடினார். குத்தப்போகிற கை இல்லை அது. எதையோ உள்ளே பத்திரமாக வைத்திருக்கிற கை. மூட்டுகள் வெளுத்துத் தெரிந்தன.

"அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருப்பீங்களாம்மா? நான் பார்த்துக்கிறேன்."

"பாருங்க. தொடாதீங்க."

"தொடமாட்டேன்."

டீச்சர் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். அந்த அம்மா உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். மைக்காரர் நாலடி தள்ளி நின்று பென்சிலால் குறித்துக்கொண்டார். இரண்டு தடவை அவர் கை தன்னையறியாமல் முன்னால் போனது, விரலைத் திருப்பி வைக்க. இரண்டு தடவையும் மனைவி சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அரை மணி கழித்து அந்த அம்மா எழுந்து, "வீட்ல வேலை கிடக்கு, முடிச்சதும் சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, நூலகம் திறந்ததும், படத்தைச் சாய்த்திருந்த இடத்திலேயே கீழே படுக்க வைத்து அதன் பக்கத்தில் மண்டியிட்டார். டீச்சர் ஒரு தடவை கேட்டாள், "நிஜமாவே அழிக்கணுமாப்பா? கோட்டை மட்டும் கொஞ்சம் மாத்திட்டா…" அவர் துணியில் டர்பன்டைன் ஊற்றினார். சுழி முதலில் போனது, தழும்பு கடைசியில் போனது. பிறகு அங்கே நாலு விரலைக் கொண்டுவந்து மூடினார். அந்த நாலும் நெளியவில்லை, எரியவும் இல்லை. கல் அடுக்கிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. மத்தியானம் வரை ஆயிற்று.

லென்ஸ்காரர் வந்து குனிந்து, ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரை லென்ஸை ஓட்டினார்.

"என்ன தெரியுது?" என்றார் மைக்காரர்.

"பெயிண்ட் தெரியுது. உன் பிரஷ்ஷோட முடி ஒண்ணு ஒட்டியிருக்கு." லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர், சற்றுத் தள்ளிப்போய் வெறுங்கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "யோவ், இந்தக் கை நம்ம ஜன்னலுக்கு வந்துச்சுன்னா நாம என்ன பண்றது?"

"காத்திருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை பரிசு எதுவும் கிடைக்கவில்லை. குதிரை வரைந்த ஒரு வங்கி ஊழியருக்குப் போனது. திங்கள்கிழமை பார்த்துவிட்டுப் போயிருந்த ஒருவர், வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்து, "அந்தக் கட்டைவிரல் எங்கே? அதைக் காட்டத்தானே இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்" என்று டீச்சரிடம் சண்டை போட்டார். பெரிய ஆபீசர் படத்துக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்று, "நம்ம ஜன்னல் மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அதுதான் கடைசி நாள்; சாயங்காலம் சலவைக்கூடத்திலிருந்து ஏழு பெண்கள் வேலை முடிந்து நேராக வந்தார்கள். அவர்கள் படத்தைச் சுற்றி நின்று பேசிய பேச்சில் நூலகர் இரண்டு தடவை வந்து சத்தம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா மட்டும் பேசாமல் ஓரமாக நின்று, மற்றவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது மைக்காரரின் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் பரவாயில்லை. சொன்னா கேட்கறார்" என்றார்.

"நாலு பேர் சொன்னா கேட்பார் அக்கா. நான் ஒருத்தி சொன்னா கேட்கமாட்டார்."

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கதவு இப்போது நூலகத்தின் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. மைக்காரர் இன்னும் நாலாம் ஜன்னலில்தான் இருக்கிறார், ஓய்வுக்கு ஐந்து மாசம் பாக்கி. ஜன்னலுக்கு வருபவர்களிடம் கையைப் பிடிப்பதற்கு முன் "பிடிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார். வரிசை மெதுவாக நகர்கிறது என்று இரண்டு புகார்கள் வந்திருக்கின்றன. சலவைக்கூடத்து அம்மாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மைக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் பலகையில் நோட்டை வைத்துக்கொண்டு, தன் பெயரை எழுதப் பழகிவருகிறார். இரண்டாவது எழுத்தின் வளைவு இன்னும் சரியாக வரவில்லை.